அமிர்தத்தின் கைராசி

அமிர்தம் பார்க்கும் வேலையில் ஒரு கோளாறு உண்டு. நன்றாகப் பார்த்தாலும் வேலை போய்விடும், மோசமாகப் பார்த்தாலும் போய்விடும். நோயாளி எழுந்து நடந்துவிட்டால் ஒரு புடவையைக் கையில் கொடுத்து பஸ் ஏற்றிவிடுவார்கள். நோயாளி கண்ணை மூடிவிட்டால் புடவையும் கிடையாது. அழுகிற வீட்டில் யாரிடம் போய்ச் சொல்லிக்கொள்வது என்று தெரியாமல் பின்வாசல் வழியாக வந்துவிட வேண்டியதுதான்.

வீட்டோடு தங்கி நோயாளியைக் கவனித்துக்கொள்ளும் வேலை அது. அதற்கு முன்பு செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் காண்ட்ராக்டர் மூலமாக மூட்டை தைத்துக்கொண்டிருந்தாள். காண்ட்ராக்டர் மாறினார், அவரோடு பெண்களும் மாறினார்கள். அப்புறம் கடலூரிலேயே மூன்று மாதப் பயிற்சி ஒன்றுக்குப் போனாள். படுக்கையில் கிடப்பவரை முதுகு நோகாமல் புரட்டுவது, புண் வராமல் பார்ப்பது, பிரஷர் பார்ப்பது, முக்கியமாக முகம் சுளிக்காமல் இருப்பது எல்லாம் அங்கே கற்றுக்கொடுத்தார்கள். கடைசியாகச் சொன்னதுதான் பலருக்கு வரவில்லை. அமிர்தத்துக்கு அது முதலிலேயே வந்துவிட்டது.

கணவர் திருப்பூருக்கு வேலைக்குப் போனார். போன இடத்தில் இன்னொரு வீட்டுச் சாப்பாடு பிடித்துவிட்டது. அதைப் பற்றி அமிர்தம் ஒரு வாரம் யோசித்தாள். பிறகு வாடகை வீட்டைக் காலி செய்தாள். எப்போதும் யாராவது ஒரு நோயாளி வீட்டில்தான் இருக்கப்போகிறோம், ஆள் இல்லாத வீட்டுக்கு எதற்கு வாடகை என்று கணக்குப் போட்டாள். கணக்கு சரிதான். ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவில் எங்கே இருப்பது என்பது மட்டும் அதில் வரவில்லை.

நடுவில் இருப்பது ஓ.டி. என்கிற கடலூர் பழைய டவுனில், தம்பி எழிலன் வீட்டில். தம்பி மனைவி கலைமணி கெட்டவள் இல்லை. இரண்டே அறை உள்ள வீட்டில் ஓர் ஆள் கூடினால் மூன்றாவது நாளே தெரிந்துவிடும், அவ்வளவுதான். தட்டு வைக்கும்போது, "அண்ணி, அடுத்த பேஷண்ட் எப்ப வருது?" என்று கேட்பாள், ஏதோ அடுத்த பஸ்ஸைக் கேட்பதுபோல.

அப்படிப்பட்டவளுக்கு ஒரே வருஷத்தில் மூன்று நோயாளிகள் போய்ச் சேர்ந்தார்கள். முதலாவது திட்டக்குடியில் ஒரு பெரியவர். தொண்ணூறைத் தாண்டியவர். போகாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். இரண்டாவது, டாக்டர்களே கையை விரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்ட புற்றுநோய்க்காரி. மூன்றாவது மனிதர்தான் அநியாயம் செய்தார். அமிர்தம் அந்த வீட்டுக்குப் போய், கால் கழுவி, "வணக்கம்யா" என்று சொன்னாள். அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். அன்று சாயங்காலமே போய்விட்டார்.

உடம்பு முடியாதவர்கள் உள்ள வீடுகளுக்குள் செய்தி ஓடுகிற வேகம் செல்போனுக்குக்கூடக் கிடையாது. அந்தப் பொம்பளைக்குக் கைராசி இல்லை என்றார்கள். பேரு அமிர்தம், கை விஷம் என்று புதுப்பாளையத்தில் ஒருத்தி சொன்னது அவள் காதுக்கே வந்தது. விதை போடவும், பிள்ளைக்கு முதல் சோறு ஊட்டவும், கடை திறந்ததும் முதல் வியாபாரம் பண்ணவும் கைராசி பார்க்கிற ஊர். உயிரை ஒப்படைக்கும்போது பார்க்காமல் விடுவார்களா?

ஆட்களை அனுப்புகிற அமீருன்னிசா மஞ்சக்குப்பத்தில் தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, இரண்டு போன்களை வைத்துக்கொண்டே அந்தத் தொழிலை நடத்திவந்தார். அவர் ராசி பார்க்கிறவர் அல்ல. "சாவு, மவுத்து எல்லாம் அல்லா கையில இருக்கு. ஒன் கையில எங்கடி இருக்கு?" என்பார். ஆனால் போனில் கேட்கிறவர்கள் முதலில் பெயரைக் கேட்டார்கள். பெயரைச் சொன்னதும் வேறு ஆள் கேட்டார்கள். தம்பி வீட்டில் ஒரு மாதம் ஓடிவிட்டது. கலைமணி பஸ் கேள்வி கேட்பதைக்கூட நிறுத்திவிட்டாள். கேட்காமல் இருப்பது கேட்பதைவிட மோசமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் சிதம்பரத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது. அமீருன்னிசா நேராகவே சொல்லிவிட்டார். "பேரு சௌந்தரம். வழுக்கி வுழுந்து இடுப்புல பிளேட் வச்சிருக்கு. ஆபரேஷன் நல்லா ஆயிடுச்சாம், நடக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாராம். ஆறு மாசமாவுது, அந்தம்மா எழுந்திரிக்கல. நான் அனுப்புன ரெண்டு பேரு அந்தம்மா வாய்க்குப் பயந்து ஓடி வந்துட்டாளுங்க. அதனால அந்த வூட்ல இப்ப வர்ற ஆளோட பேருகூடக் கேக்கல. நீ நடக்க வச்சிட்டா ஒன் பேரு நிமிந்துடும். இதுவும் கவுந்துச்சுன்னா நான் ஒன்ன எங்கயும் அனுப்ப முடியாதுடி. ஓட்டல்ல எச்ச இலை எடுக்கப் போ."

அமிர்தம் அன்று மதியமே பஸ் ஏறினாள்.

வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது வீடு. சௌந்தரத்தின் கணவர் புவனகிரியில் அரிசி மில் வைத்திருந்து, நன்றாக இருக்கும்போதே விற்றுவிட்டு, இந்த வீட்டைக் கட்டி, கொஞ்ச காலம் இருந்து செத்தவர். மூத்த மகன் தில்லைநாதன் சென்னையில், இளையவன் செந்தமிழ்செல்வன் பாண்டிச்சேரியில். இருவரும் மாறி மாறி ஞாயிற்றுக்கிழமை வந்து, பழம் வைத்துவிட்டுப் போவார்கள். பழத்தைப் பக்கத்து வீட்டு ஸ்ரீமதிக்குக் கொடுத்துவிடுவது சௌந்தரத்தின் வழக்கம்.

முதல் நாளே சௌந்தரம் அவளை மேலும் கீழும் பார்த்து, "நீ எத்தினி நாளைக்கு?" என்று கேட்டாள்.

"நீங்க நடக்கற வரைக்கும்மா."

"அப்ப ஒனக்கு இங்கதான் சமாதி" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அமிர்தம் கோபப்படவில்லை. வாய் இருக்கிற நோயாளி நல்ல நோயாளி. வாயில்லாமல் கிடப்பவர்களைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். அவள் பாட்டுக்கு வேலையைப் பார்த்தாள். பிடித்து உட்காரவைத்தாள், கமோடு நாற்காலிக்கு மாற்றினாள், முதுகுக்குப் பவுடர் தட்டினாள். வாக்கரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். சௌந்தரம் அதன்மேல் ஈரத்துண்டைக் காயப்போட்டாள். காலைக் கீழே ஊன்றச் சொன்னால், "ஐயோ, கொல்றாளே" என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள். ஏற்கெனவே அமிர்தத்துக்கு இருக்கிற பெயருக்கு அந்த வார்த்தை வேறு.

சமையலிலும் குறை. சம்பா சாதத்துக்குக் கொத்சு செய்து வைத்தால், கடலூர்க்காரிக்குக் கத்திரிக்காயும் தெரியாது, புளியும் தெரியாது என்றாள். இருந்தாலும் தட்டைக் காலி செய்தாள். சாப்பிடுகிற நோயாளி என்று அமிர்தம் மனதுக்குள் குறித்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் இப்படியே போனது. ஒரு நாள் காலை அமிர்தம் மாத்திரை வாங்கக் கீழவீதிக்குப் போய்விட்டு வந்தாள். வந்ததும் ஈரத்துணியால் சௌந்தரத்துக்கு உடம்பு துடைத்துவிட உட்கார்ந்தாள். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் குதிகால் போகப் போகப் பச்சைப்பிள்ளைக் குதிகால் மாதிரி ஆகிவிடும். தோல் உரிந்து, இளஞ்சிவப்பாக, தொட்டால் பஞ்சு போல இருக்கும். சௌந்தரத்தின் குதிகால் வெடித்திருந்தது. முதல் நாளிலிருந்தே அமிர்தத்துக்கு அது கொஞ்சம் உறுத்திக்கொண்டிருந்தது. அன்று வலது உள்ளங்காலைத் துடைத்தபோது துணியில் ஒரு கடுகு வந்தது.

அமிர்தம் அதை விரல் நுனியில் எடுத்து நோயாளியின் கண்ணுக்கு நேராகக் காட்டினாள்.

"ஏம்மா, நீங்க இங்கியே இருந்தீங்க, கால் மட்டும் சமையக்கட்டுக்குப் போய்ட்டு வந்துச்சா?"

சௌந்தரம் வாசல்பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு, "கதவச் சாத்து" என்றாள்.

கதவைச் சாத்தியதும் எழுந்து உட்கார்ந்தாள். யாரும் பிடிக்கவில்லை. முதல் மூன்று மாதம் உண்மையிலேயே முடியவில்லையாம். அப்புறம் கால் சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்ததாம். ஆனால் நடக்கிறேன் என்று சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். பிள்ளைகள் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள். வீட்டைப் பூட்டி வாடகைக்கு விடுவது, அம்மாவை ஆளுக்கு மூன்று மாதம் முறை வைத்து வைத்துக்கொள்வது. தில்லைநாதன் இருப்பது மூன்றாவது மாடி, இளையவன் வீடும் மாடிதான். படுத்திருக்கிறவளை மாடி ஏற்ற முடியாது என்பதால்தான் விட்டு வைத்திருக்கிறார்கள்.

"எங்கக்கா அமுதா இப்பிடித்தான் முறைக்கு இருந்தா. நாலு புள்ள. எந்த வீட்டுக்குப் போனாலும் பையப் பிரிக்கவே மாட்டா. எதுக்குப் பிரிச்சு எதுக்குக் கட்டறதுன்னுவா. கடைசில எந்தப் புள்ள வூட்டு முறையில செத்தாளோ, அவன் மத்தவங்களோட சண்டைக்குப் போனான். எனக்கு அது வேணாம். நான் இங்கியே படுத்துக் கெடக்கறேன்."

பை பிரிக்காமல் இருக்கிற விஷயம் அமிர்தத்துக்கு விளக்க வேண்டியதில்லை. அவள் துணியைப் பிழிந்தாள்.

சௌந்தரம் அடுத்ததாக ஒரு யோசனை சொன்னாள். வியாபாரி பெண்டாட்டி என்பது அதில் தெரிந்தது. "நான் படுத்திருக்கற வரைக்கும் ஒனக்கு இங்க வேல உண்டு, சோறு உண்டு, எடம் உண்டு. நான் எழுந்துட்டா நீ ஒந்தம்பி வூட்டுக்குப் போவணும், நான் மூணாவது மாடிக்குப் போவணும். யோசிச்சுக்க."

யோசிக்கத்தான் வேண்டியிருந்தது. வாயை மூடிக்கொண்டால் வருஷக்கணக்கில் ஒரு கூரை. திறந்தால் பெயர் நிமிரும், கூரை போய்விடும். ஆனால் அமிர்தத்துக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். வயதானவர்கள் படுத்தே கிடந்தால் கால் சதை கரையும், நெஞ்சில் சளி கட்டும், ஒரு நாள் காய்ச்சல் வரும், அதோடு சரி. சௌந்தரம் படுத்தபடி நடித்துக்கொண்டே போனால் அமிர்தத்தின் கணக்கில் நாலாவது ஆளாகிவிடுவாள்.

"நீங்க நடிக்கலாம்மா, படுக்கை நடிக்காது" என்றாள். "வெளியில தெரியாம இருக்கட்டும். வீட்டுக்குள்ள தினம் காலையும் சாயங்காலமும் நடக்கணும். இல்லன்னா நான் இன்னைக்கே போறேன்."

சௌந்தரம் சண்டை போட்டாள், பேரம் பேசினாள், கடைசியில் ஒத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்தது ஒரு கூத்து. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, முன்கதவைத் தாழிட்டுவிட்டு, ஹாலுக்கும் சமையல்கட்டுக்கும் நடுவில் வாக்கரோடு நடை. பத்து நாளில் வாக்கர் போய் ஒரு கைத்தடி வந்தது. நடக்க வந்தவளுக்குச் சும்மா நடக்கப் பிடிக்கவில்லை. சமையல்கட்டில் நின்று கொத்சு கிண்ட ஆரம்பித்தாள். காலிங்பெல் அடித்தால் அவசரமாகக் கட்டிலுக்குத் திரும்புவாள். பிளேட் வைத்த இடுப்புக்கு அந்த வேகம் ஆகாது என்று அமிர்தம் எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை.

பக்கத்து வீட்டு ஸ்ரீமதி ஒரு நாள் வந்து கொத்சை ருசி பார்த்துவிட்டு, "அமிர்தம், ஒன் கைக்கு மோதிரம் போடலாம்" என்றாள். படுக்கையில் கண்ணை மூடிக் கிடந்த சௌந்தரத்தின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. தன் சமையலுக்கு வந்த பாராட்டு இன்னொருத்திக்குப் போவதை அசையாமல் கேட்டுக்கொண்டிருப்பது இடுப்பு வலியைவிடக் கஷ்டம் என்று அப்புறம் சொன்னாள்.

அந்த ஸ்ரீமதிக்குத் திட்டக்குடியில் உறவு இருந்தது. ஏதோ பேச்சில் அமிர்தத்தின் பெயர் அடிபட, அந்தப் பக்கத்தில் பெரியவர் செத்த கதையைச் சொன்னார்கள். கூடவே மற்ற இரண்டு கதைகளும் வந்தன. ஸ்ரீமதி கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பக்கத்து வீட்டு நன்மையை நினைத்துத்தான் அன்றே தில்லைநாதனுக்குப் போன் போட்டாள்.

அடுத்த ஞாயிறு அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒன்றாக வந்தார்கள். ஒன்றாக வந்தபோதே அமிர்தத்துக்குப் புரிந்துவிட்டது. இந்தத் தொழிலில் குடும்பத்தார் எல்லாரும் ஒன்றாக வந்தால் ஒன்று யாரோ சாகப்போகிறார்கள், இல்லையென்றால் யாரையோ அனுப்பப்போகிறார்கள். ஸ்ரீமதியும் என்ன ஆகிறது என்று பார்க்க வாசலில் வந்து நின்றாள்.

தில்லைநாதன் மரியாதையான ஆள். அவளை வாசல்பக்கம் கூப்பிட்டு, குரலைத் தணித்துச் சொன்னான். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. எனக்கு இதுல நம்பிக்கை இல்ல. ஆனா ஊர்ல நாலு பேரு சொல்றப்ப மனசு கேக்க மாட்டேங்குது. நாளைக்கு வேற ஆள் வருது. நீங்க இன்னைக்கே கெளம்பிடுங்க."

அவள் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். உங்கம்மா நல்லா நடக்கறாங்கய்யா. கைராசி, பெயர், அடுத்த வேலை எல்லாம் அந்த வாக்கியத்துக்குள் இருந்தது. அது நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் நோயாளியின் விஷயம் நோயாளியுடையது. அதை வெளியே சொல்கிறவளை எந்த வீட்டில் நம்பி உள்ளே விடுவார்கள்? தவிர, தான் தம்பி வீட்டுக்குப் போகாமல் இருப்பதற்காக இன்னொருத்தியை மூன்றாவது மாடிக்கு அனுப்புவது சரியான கணக்காகத் தெரியவில்லை.

"சரிங்கய்யா" என்றாள். "மதியம் மாத்திரை இருக்கு. சாப்பாட்டுக்கு அப்புறம் குடுக்கணும். புது ஆளுகிட்ட சொல்லிடுங்க."

உள்ளே போய்த் துணிகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். பக்கத்து அறையில் கட்டில் கிரீச்சிட்டது. அமிர்தத்துக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். அது புரண்டு படுக்கிற சத்தம் இல்லை.

சௌந்தரம் கைத்தடிகூட இல்லாமல் ஹாலுக்கு வந்தாள். நடந்து வந்து, புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு, தன் கணவரின் நாற்காலியில் உட்கார்ந்தாள். தில்லைநாதன் வாயைத் திறந்தபடி நின்றான். செந்தமிழ்செல்வன் அழுதுவிட்டான், அழுதுகொண்டே மனைவிக்கு வீடியோ கால் போட்டான்.

"யாரு கைக்குடா ராசி இல்ல?" என்றாள் சௌந்தரம். "படுத்துக் கெடந்தவ நானு. பழி அவ கை மேலயா?"

பிள்ளைகள் இருவரும் சந்தோஷத்தில் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். சௌந்தரம் இத்தனை மாதமாக எதற்குப் பயந்தாளோ அதுவே வந்தது. ரொம்ப நல்லதாய்ப் போயிற்று, இனி வீட்டைப் பூட்டிவிட்டு முதலில் சென்னைக்கு வரட்டும், அங்கே லிஃப்ட்கூட இப்போது சரியாகிவிட்டது என்றான் பெரியவன். தை மாதத்திலிருந்து பாண்டிச்சேரி என்றான் சின்னவன்.

"ஒங்க ரெண்டு பேரு வூட்லயும் எனக்கு மெத்தை இருக்கு, தெரியும்" என்றாள் சௌந்தரம். "சாவி இருக்காடா? இந்த வூட்டுச் சாவி எங்கிட்ட இருக்கு."

இதற்குப் பதில் சொல்லத் தில்லைநாதன் மூச்சை இழுத்தான். தனியாக எப்படி இருப்பீர்கள், மறுபடி விழுந்தால் யார் பார்ப்பது என்று அவன் தொடங்கியபோது, குறுக்கே வந்தது ஸ்ரீமதி. அவள் வாசலை விட்டு உள்ளே வந்து, அதற்குள் ஹாலுக்கு வந்திருந்த அமிர்தத்தின் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தில்லை, நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காத. ஆறு மாசம் எழுந்திரிக்காதவங்க இந்தக் கை பட்டு எழுந்திருக்காங்க. இது உயிர் குடுக்கற கை. நான்தான் திட்டக்குடிக்காரங்க பேச்சக் கேட்டுப் பாவம் பண்ணிட்டேன். இப்ப இவுங்கள அந்தக் கையவிட்டுப் பிரிச்சா மறுபடி படுத்துட்டாங்கன்னு வை, யாரு பொறுப்பு?"

ராசியில் நம்பிக்கை இல்லாத தில்லைநாதன் தம்பியைப் பார்த்தான். தம்பி அம்மாவின் காலைப் பார்த்தான். காலையில் எந்தக் கையை வீட்டைவிட்டு அனுப்ப வந்தார்களோ, அதே கையை வீட்டைவிட்டு விடப் பயமாக இருந்தது இப்போது. கொஞ்ச நேரம் இருவரும் தோட்டத்துப் பக்கம் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். அம்மா இங்கேயே இருக்கட்டும், நீங்களும் கூடவே இருங்கள் என்று அமிர்தத்திடம் சொன்னார்கள். சொன்ன விதம் கெஞ்சிக் கேட்பதுபோல இருந்தது.

சௌந்தரம் நாற்காலியிலிருந்து அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். அமிர்தம் சிரிக்கவில்லை. கைராசி என்பது வெறும் பேச்சு என்று அவளுக்குத் தெரியும். பேச்சு இப்போது அவள் பக்கம் சாய்ந்திருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் மறுபக்கம் சாயும். சாய்வதற்கு முன் வாங்க வேண்டியதை வாங்கிக்கொள்ள வேண்டும்.

"இருக்கறேன்யா. ஆனா ஒண்ணு. இன்னைக்குச் சொல்லி இன்னைக்கே கெளம்புங்கன்னா முடியாது. போகச் சொல்றதா இருந்தா ஒரு மாசம் முன்னாடி சொல்லணும். அம்மாவுக்கு ஏதாச்சும் ஆயிட்டாலும் அதுக்கப்புறம் ஒரு மாசம் நான் இங்க இருப்பேன்."

மூட்டை தைத்த இடத்திலும், பார்த்த அத்தனை வீடுகளிலும் அவள் இதைக் கேட்டதே இல்லை. கேட்டால் கொடுப்பார்களா என்பதும் தெரியாது. தில்லைநாதன் யோசித்தான். "அதென்ன, அம்மாவுக்கு ஏதாச்சும்…" என்று இழுத்தான்.

"எழுவத்தி நாலு வயசாவுதுடா எனக்கு" என்றாள் சௌந்தரம். "அவ கேக்கறது ஞாயந்தான். சரின்னு சொல்லு."

சொன்னான். தாளில் எழுதவில்லை. ஆனால் அம்மா, தம்பி, பக்கத்து வீட்டுக்காரி மூன்று பேர் முன்னால் சொன்னான். இந்த மூவரில் ஸ்ரீமதி ஒருத்தியே பத்திரப்பதிவு ஆபீசுக்குச் சமம்.

அன்று சாயங்காலம் அமிர்தம் அமீருன்னிசாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். அவர் நீளமாகச் சிரித்துவிட்டு, மதியத்திலிருந்தே ரெண்டு பேர் அந்தச் சிதம்பரத்து அம்மாவை நடக்கவைத்தவள்தான் வேண்டும் என்று கேட்டிருப்பதாகச் சொன்னார். இப்போதைக்கு முடியாது என்று அமிர்தம் சொன்னாள். வேலை வேண்டாம் என்று சொல்வது வாயில் புது ருசியாக இருந்தது.

மறுநாளிலிருந்து நடை தெருவுக்கு வந்தது. சந்து முனைவரை போய்த் திரும்புவதற்குள் சௌந்தரம் முனகித் தீர்த்தாள். வெயில், கல், மாடு, எல்லாவற்றுக்கும் அமிர்தம்தான் காரணம். மூன்றாவது நாள் ஸ்ரீமதி தன் மாமியாரை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தாள். மாமியாருக்கு முழங்கால் வீங்கியிருந்தது. ஒரு தடவை தொட்டுவிட்டுப் போ அமிர்தம், உன் கை பட்டால் போதும் என்று கெஞ்சினாள்.

அமிர்தம் குனிந்து முழங்காலைத் தொட்டாள். நன்றாக அழுத்தியே பார்த்தாள். உள்ளே நீர் கோத்திருந்தது, தோல் சுட்டது.

"நாளைக்குக் காலையிலயே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, எலும்பு டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றாள். "நான் சொன்னேன்னு போங்க. கைராசி அங்க போனாத்தான் வேல செய்யும்."